வலது கீழ் மூலை

மூன்று நாளாக மழை.
குன்னூர் ரோட்டில் சீகை மரம் விழுந்து கிடக்கிறது.
போஜராஜ் போனில் சொல்கிறான்:
'சிபியூவைத் தூக்கிட்டு வாங்கண்ணே,
வியாழக்கெழம பாத்துரலாம்.'
இன்று திங்கள்.
நாளை பத்து மணிக்குள்
இருபத்திமூன்று பேருடைய பச்சைத் தேயிலைக் கணக்கு
ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும்.

கட்டபெட்டில் கரண்ட்
வருகிறது, போகிறது, வந்ததுபோல் பாவனை செய்கிறது.
வரும்போதெல்லாம் பெட்டி ஒரு விசில் அடித்து விழித்து
சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு ஜன்னலைத் திறக்கிறது:
சேவையைத் தொடங்க முடியவில்லை.
அது சார்ந்திருக்கும் சேவை தொடங்கவில்லை.

எந்தச் சேவை என்று தேடினால்
கீழே கீழே போகும் ஒரு பட்டியல்.
என் வீட்டில் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று
இதுவரை தெரியாது எனக்கு.
ஒருவர் பிரிண்டருக்கு வரிசை போட.
ஒருவர் சத்தத்துக்கு.
ஒருவர், இன்னொருவர் இருக்கிறாரா என்று பார்க்க மட்டும்.
பாதிப் பேர் ஓடுகிறார்கள். பாதிப் பேரை நிறுத்தி வைத்திருக்கிறது.
நானும் நிறுத்தினேன், தொடங்கினேன், நிறுத்தினேன்.
பச்சைப் பட்டை முக்கால் தூரம் ஓடி
அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பவள் மாதிரி
நின்றுவிடுகிறது.

பேங்க் பக்கமும் திறக்கவில்லை:
இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை.
இன்னும்.
காலாவதி என்றால் புரியும், மருந்து பாட்டிலில் பார்த்திருக்கிறேன்.
இன்னும் பிறக்கவே இல்லை என்றால்?

அப்போதுதான் பார்த்தேன்
மூன்று மணி நேரமாகப் பார்க்காத
வலது கீழ் மூலையை.
2010, ஜனவரி ஒன்று.

அந்தத் தேதியில்
எனக்குச் சர்க்கரை இல்லை.
சொசைட்டியில் கடன் இல்லை.
பவளமணியின் நம்பர் என் போனில்
'வீடு' என்று இருந்தது.

நேரத்துக்கென்றே ஒரு சேவை உண்டு.
கருப்புத் திரையில் கட்டளை தட்டி
சரியான நேரம் கேட்டு வாங்கிக்கொள் என்றேன்.
எங்கோ இருக்கும் கடிகாரம் வரைக்கும் போய்
வெறுங்கையோடு திரும்பி வந்து சொன்னது:
தேவைப்படும் மாற்றம் மிகப் பெரிது.

பதினைந்து மணி நேரம்வரை பிசகினால்
தானே திருத்திக்கொள்ளுமாம்.
அதற்கு மேல் போனால் நம்பாதாம்.
யாரை என்று சொல்லவில்லை.

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.
நான் எதையும் தட்டவில்லை, கொஞ்ச நேரம்.

பிறகு கையாலேயே ஏற்றினேன்,
அம்புக்குறியை அழுத்தி, வருடம் வருடமாக.
2016இல் விரல் தங்கியது.
அதற்குள் கரண்ட் போனது.
வந்தபோது மறுபடி
ஜனவரி ஒன்று, புத்தாண்டு வாழ்த்துகள்.

ஸ்க்ரூ டிரைவர். பக்கவாட்டுத் தகடு.
உள்ளே தூசி, செத்த விட்டில் ஒன்று,
நடுவே ஐந்து ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி.
பெட்டி தூங்கும்போது தேதியைப் பிடித்துக்கொண்டிருக்க
அது ஒன்றுதான்.
கையை விட்டிருக்கிறது.

கடைகள் எட்டு மணிக்கே சாத்தியாகிவிட்டன.
டிவி ரிமோட்டில் பென்சில் செல்.
சுவர்க் கடிகாரத்திலும் பென்சில் செல்.
கடைசியில், மேஜை டிராயரில்
நான் திறக்க விரும்பாத சின்னப் பையிலிருந்து
சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துத் திருப்பினேன்.
அதே வட்டம். மேலே அதே எண், 2032.
ஒரு நொடி வருடமோ என்று நினைத்துவிட்டேன்.

பத்து ஐம்பதுக்கு
ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குப் போனார்கள்.
நேரச் சேவை, இப்போது வித்தியாசம் நாற்பது நொடிதான் என்பதால்,
மறுபேச்சில்லாமல் திருத்திக்கொண்டது.
பிரிண்டர் இருமி இருமித் துப்பியது:
ஹாலம்மாள், நாற்பத்தொரு கிலோ.
நஞ்சுண்டன், பதினெட்டரை, ஈரக் கழிவு இரண்டு போக.

நாளைக் காலை வெறும் வயிற்றில்
விரலைக் குத்த வேண்டியதில்லை.
கோத்தகிரி டாக்டரம்மா நோட்டைப் புரட்டி
இந்த வாரம் ஏன் காலி என்று கேட்டால்
சொல்லிக்கொள்ளலாம்,
சார்ந்திருக்கும் சேவை தொடங்கவில்லை என்று.